தலைக்கவசம் அணிந்த ஓர்க்குகளை எப்படித் தாண்டுவது?

நண்பர்களே, 2023-இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: கோல்லம்’ விளையாட்டை ஆடியவர்கள் இருந்தால் கொஞ்சம் வழிகாட்டுங்கள். தீயவன் சௌரோனின் நாடான மோர்டோர் பகுதியில் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

கையில் ஆயுதமே இல்லாமல், நிழலையும் சுவரையும் நம்பிப் பிழைக்கும் கதாநாயகன் என்பதால்தான் இந்த விளையாட்டு எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. தலைக்கவசம் இல்லாத ஓர்க் (காவல் நிற்கும் அரக்கப் படைவீரன்) என்றால் பின்னால் பதுங்கிப் போய்க் கழுத்தை நெரித்துவிடலாம். கவசம் அணிந்தவனிடம் அது பலிக்காது. இப்போது என் வழியில் நிற்கும் இருவருமே கவசக்காரர்கள். ஒருவன் விளக்கடியிலேயே நிற்கிறான். மற்றவன் சுற்றி வருகிறான். கல்லெறிந்து விளக்கை அணைத்தால் இருட்டு கிடைக்கிறது, ஆனால் அந்தச் சத்தத்துக்கே இரண்டாமவன் நான் ஒளிந்திருக்கும் பக்கம் திரும்பிவிடுகிறான். சுவரேறிப் போகலாமென்றால், பாதி உயரத்திலேயே உடல்வலு தீர்ந்து பிடி நழுவுகிறது.

முதலில் விளக்கை அணைப்பதா, அல்லது வேறு திசையில் கல்லெறிந்து சுற்றி வருபவனை விலக்குவதா? ஏறும்போது வலு மிச்சப்பட ஏதாவது உத்தி உண்டா? கணினியில் கண்ட்ரோலர் வைத்து ஆடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள்: கதாநாயகனின் இரு மனங்களான கோல்லமும் ஸ்மீகலும் தமக்குள் வாதாடும் இடங்களில் எதைத் தேர்ந்தால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நானே ஆடிப் பார்க்க ஆசைப்படுகிறேன்.