வீடு மாறிய அனுபவங்கள்: லொறிக்காரக் குடும்பமும் நமது சாமான்களும்

ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு மாறிய ஆசிரியை:
இடமாற்றக் கடிதம் வந்த கையோடு, அயலவர்கள் சொன்ன ஒரு குடும்பத்தின் லொறியைப் பேசினோம். தந்தை லொறியை ஓட்ட, தாய் பாத்திரங்களைச் சுற்றிக் கட்ட, மகன்மார் சுமந்தார்கள். நாட்கூலிக்கு வருபவர்களிடம் காணாத பொறுப்பை அவர்களிடம் கண்டேன். தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தது. எங்கள் வீடு பாதைக்கு மேலே இருந்ததால் ஒவ்வொரு சாமானும் படிக்கட்டு வழியே தோளில்தான் இறங்க வேண்டியிருந்தது. அலுமாரியின் கண்ணாடிக் கதவைக் கழற்றிக் கடைசி மகனிடம் கொடுத்தார்கள். அவனுக்கு 13 வயதிருக்கும். கண்ணாடி முகத்தை மறைத்ததால், பாசி பிடித்த அடுத்த படி எங்கே இருக்கிறதென்று வெறும் பாதத்தால் தடவித் தடவி இறங்கினான். கதவு ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. அதன் முன்னால் தலைவாரும்போதெல்லாம் அந்தப் பாதம்தான் நினைவுக்கு வருகிறது.

பதுளையிலிருந்து:
டீச்சர், அந்தக் குடும்பத்தின் பொறுப்பை நீங்கள் பாராட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. சொந்தப் பிள்ளை என்பதற்காகக் கண்ணாடியின் பாரம் குறைந்துவிடாது. நாங்கள் வெலிமடையிலிருந்து மாறியபோதும் ஒரு குடும்பத்தின் லொறிதான் வந்தது. வீட்டு வாசல்வரை என்றுதான் கூலி பேசினோம். லொறி நின்ற இடத்திலிருந்து தேயிலை மலையூடாகக் குறுக்குப்பாதையில் நடக்க வேண்டும் என்று தெரிந்ததும், அந்தத் தந்தை என் மாமியாரின் கட்டிலை நனைந்த புல்லில் இறக்கி, மேலதிகக் கூலி பேசி முடியும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். பணத்தைக் கொடுத்துவிட்டோம். மாமியார் ஒரு வார்த்தையும் பேசாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க முடியவில்லை.

கம்பளையிலிருந்து, லொறிக்காரர் ஒருவரின் மகன்:
பதுளை ஐயாவுக்கு ஒரு மறுமொழி. வயது பற்றி நீங்கள் சொன்னது சரி. கூலி விடயத்தில் மட்டும் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். "சாமான் கொஞ்சம்தான், லொறி வாசலுக்கே வரும்" என்று தொலைபேசியில் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் லயத்துக்குப் போகும் பாதை முச்சக்கர வண்டிக்கே போதாது. புசல்லாவைப் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் சாமான்களை ஏற்றினோம். எல்லாம் தேயிலை அடைக்கும் கடதாசிச் சாக்குகளுக்குள் அடங்கிவிட்டன. அவரோ வெறுமையான அறையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, திறப்பை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் என் அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை. அவருடன் கணக்கப்பிள்ளையைத் தேடிப் போனார். லொறி ஒரு மணித்தியாலம் நின்றது, அதற்கு நாங்கள் கூலி கேட்கவில்லை.

நானுஓயாவிலிருந்து:
எங்கள் பிரிஜைப் படுக்கவைத்து ஏற்றினார்கள். இறக்கியவுடனேயே மின்சாரம் கொடுத்தார்கள். அது மறுபடி குளிரவேயில்லை. அதனால் இனி மாறப்போகிறவர்களுக்காகச் சிலவற்றை எழுதுகிறேன். பிரிஜை நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். சாய்த்துவிட்டால் கம்பிரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும் என்பதால், நிமிர்த்திப் பல மணித்தியாலங்கள் விட்ட பிறகே இயக்க வேண்டும். சமையல் எரிவாயுச் சிலிண்டரும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றி வால்வை மூடியிருக்க வேண்டும். புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் அடுக்குங்கள், பெரிய பெட்டியில் போட்டால் அடி பிய்ந்துவிடும். மழைக்காலத்தில் படங்கு கட்டினாலும் ஓரங்களில் தண்ணீர் இறங்கும். ஆகவே மெத்தையைப் பொலித்தீனால் சுற்றி லொறியின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். கூலி பேசும்போதே, லொறி நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை உள்ள பாதையையும் படிகளையும் கைபேசியில் படமெடுத்து அனுப்பிவிடுங்கள், பதுளை ஐயாவுக்கும் கம்பளைத் தம்பிக்கும் இடையிலான வழக்கே எழாது. புறப்படும் நாளுக்கு முன்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், கிளினிக் கொப்பிகள் ஆகியவற்றை லொறியில் ஏற்றாமல் கைப்பையிலேயே கொண்டுசெல்லுங்கள்.