புதுப்பிப்பு: பண்ருட்டி நிலத்தில் வெட்டிய சீமைக்கருவேலம் என்ன ஆனது

வீடு கட்டப்போகும் நிலத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டியபின், கிடக்கும் கட்டையையும் முள்ளையும் கொளுத்திவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் வேண்டாம் என்றீர்கள். சரி, கொளுத்தவில்லை.

பருத்த கட்டைகளைக் கரி மூட்டம் போடுபவர் விலைக்கு எடுத்துக்கொண்டார். நடுத்தரக் கிளைகள் அடுப்புக்கு. நின்று எரியும் நல்ல விறகு. முள்ளை வேலியாக அடைத்தோம். நெற்றுகளை மட்டும் பொறுக்கி அகற்றிவிட்டோம், ஆடு மாடு தின்றால் சாணத்தோடு விதை விழுந்து மறுபடி முளைக்கும். தூரையும் வேரோடு தோண்டியே ஆகவேண்டும், விட்டால் துளிர்த்துவிடும். வேலையில் பாதி அதுதான்.

அஸ்திவாரம் தோண்டும் முன் மேல்மண்ணை வழித்துத் தோட்டத்துக்கென்று ஓரமாகக் குவித்திருக்கிறோம்.

பனைகளைத் தொடவில்லை. வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். கிடைத்தாலும் எனக்கு மனசு வராது. 2011 தானே புயலில் இந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் ஏராளமாகச் சாய்ந்தன. எங்கள் எல்லைப் பனைகள் அப்படியே நின்றன.

அடுத்து முள்வேலியை ஒட்டி கிளிரிசிடியா என்ற தழையுர மரத்தின் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நடப்போகிறோம். முள் மக்குவதற்குள் அது உயிர்வேலியாகிவிடும், தழை பலாக்கன்றுகளுக்கு உரமாகும்.