புலிகள் காப்பகமும் காடர் குடிகளும்

கொழிஞ்சாம்பாறை வாசகர்: பரம்பிக்குளம், ஆனைமலைக் காப்பகங்களில் வாழும் காடர், மலசர் பழங்குடி மக்களைப் பணம் கொடுத்து வெளியேற்றுவது சட்டப்படி செல்லுமா?

சேத்துமடை வாசகர்: ஐயா, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, அவர்களது உரிமைகளை முதலில் உறுதிசெய்து, கிராம சபையின் ஒப்புதலையும் பெற்ற பின்னரே இடம்பெயர்க்கலாம். இடம்பெயரும் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயாக இருந்த இழப்பீட்டுத் தொகை 2021இல் 15 லட்சமாக உயர்ந்தது. ஆயினும் தேனும் கிழங்கும் சேகரித்து வாழ்ந்தவர்களுக்கு அது நிலமாகவோ தொழிலாகவோ மாறுவது எளிதன்று. அவர்களுக்குச் சாலையையும் மின்சாரத்தையும் மறுத்து, அதன்மூலம் பெறும் சம்மதத்தை நான் சம்மதமாகவே கருதமாட்டேன்.

பொள்ளாச்சி வாசகர்: அவர்களை முதலில் அலைக்கழித்தவை தேக்குத் தோட்டங்களும் அணைகளும் என்பதையும் மறக்கலாகாது. கேரளத்தின் வாழச்சால் காட்டிலோ, சமூக வன உரிமை (காட்டைக் கூட்டாகப் பயன்படுத்திப் பாதுகாக்கும் உரிமை) பெற்ற காடர்களே இருவாச்சிப் பறவைகளின் கூடுகளைக் காத்துவருகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: நன்றி ஐயா. எங்கள் பக்கத்துக் குடிகளிலும் சமூக உரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று விசாரிக்கிறேன்.