ரோடுக்கும் டிரெயிலுக்கும் சேர்த்து எத்தனை ஜோடி ஷூ தேவை?

ஞாயிறுஓட்டம் (கேள்வி):

வணக்கம். ஓட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வாரத்துக்கு 45 கி.மீ. வரை ஓடுகிறேன். செவ்வாய், வியாழன், சனி தார் ரோடு. ஞாயிறு மட்டும் டிரெயில், அதாவது குன்றுப் பாதை, மொத்தம் 16 கி.மீ. அந்தப் பாதை தொடங்கும் இடத்துக்குப் போகவே 3 கி.மீ. ரோட்டில் ஓட வேண்டும், திரும்பும்போதும் அதே 3 கி.மீ.

எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடிதான். 10 மி.மீ. டிராப் உள்ள (முன்பாதத்தைவிடக் குதிகால் அவ்வளவு உயர்ந்த) ரோடு ஷூ, 700 கி.மீ. தாண்டிவிட்டது. போன ஞாயிறு இறக்கத்தில் ஈரப் பாறையில் கால் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். கட்டைவிரல் நகமும் கறுத்திருக்கிறது.

கூட ஓடுபவர்களில் ஒருவர் நான்கு ஜோடி வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஒன்றே போதும் என்கிறார். புது ரோடு ஷூ வாங்கிவிட்டு, இந்தப் பழையதை டிரெயிலுக்கு ஒதுக்கிவிடலாமா? டிரெயில் ஷூ என்று பார்த்தால் அடியில் பெரிய பெரிய பற்கள் உள்ளதுதான் நல்லதா?

கரட்டுவழி:

முழங்கை சீக்கிரம் ஆறட்டும். உங்களுக்கு இப்போது இரண்டு ஜோடி போதும். மூன்றாவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

முதலில் அந்தப் பழைய ஷூ. அதை டிரெயிலுக்கு ஒதுக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். வலது ஷூவின் குதிகால் வெளி ஓரத்தில் ரப்பர் தேய்ந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு உள்ளிருந்த வெள்ளை நுரை தெரிந்தது. ரோட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. பக்கவாட்டில் சரிந்த ஒரு பாதையில் ஓடியபோதுதான் கால் வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டே போவது தெரிந்தது. ஒரு சின்னக் கல் போதும், கணுக்கால் மடங்கிவிட்டது. நுரை ஒரு பக்கமாக அமுங்கிப்போன ஷூவுக்குச் சமதரைதான் சரி. கரடுமுரடான இடத்தில் அது ஆபத்து.

உங்கள் ஷூவை ஒரு மேஜைமேல் வைத்து, குதிகால் உங்களைப் பார்க்கும்படி திருப்பி, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? மிட்சோலின் (நடுவில் உள்ள நுரை அடுக்கின்) ஓரத்தில் குறுக்குச் சுருக்கங்கள் நிரந்தரமாக விழுந்திருக்கின்றனவா? கி.மீ. கணக்கைவிட இதுதான் உண்மையைச் சொல்லும். 500 முதல் 800 என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் உடல் எடை, ஓடும் விதம், நுரையின் வகை என்று எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும்.

அடுத்து பற்கள். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நீங்கள் விழுந்தது ஈரப் பாறையில், சேற்றில் இல்லை. 5, 6 மி.மீ. பற்கள் சேற்றுக்கும் இளகிய மண்ணுக்கும் உரியவை. அங்கே அவை உள்ளே இறங்கிப் பிடிக்கும், பற்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் சேறும் உதிர்ந்துவிடும். பாறையில் இறங்குவதற்கு இடமே இல்லை. அங்கே பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மையும், எவ்வளவு ரப்பர் பாறையைத் தொடுகிறது என்பதும்தான். உயரமான பற்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் தொடும் பரப்பு குறைந்துவிடுகிறது. அதனால் பல்லின் உயரத்தைப் பார்ப்பதற்குமுன் ரப்பரைப் பாருங்கள். ஷூவின் அடி ரப்பர் செய்யும் வைப்ரம் நிறுவனத்தின் மெகாகிரிப் போன்ற ரப்பர்கள் ஈரத்திலும் பிடிக்கவேண்டும் என்றே செய்யப்பட்டவை.

ஆனால் உங்களுக்கு ரோட்டில் 6 கி.மீ. இருக்கிறதே. ஞாயிறு ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தார்! உயரமான பற்கள் தாரில் கூழாங்கல்லை மிதித்து ஓடுவது போல உறுத்தும், அவற்றின் விளிம்பும் சீக்கிரம் மழுங்கிவிடும். மென்மையான ரப்பராக இருந்தால் தேய்மானம் இன்னும் வேகம். ஆகவே 3, 4 மி.மீ. பற்கள், நெருக்கமாக அமைந்தவை, நடுப்பகுதியில் ஒன்றோடொன்று தொடர்ச்சியாக இருப்பவை என்று தேடுங்கள். கடைக்காரர் பெரிய பல்லைக் காட்டினால் மயங்காதீர்கள்.

கடைசியாக டிராப். ஷூவுக்குள் குதிகால், முன்பாதத்தைவிட எத்தனை மி.மீ. உயர்ந்து நிற்கிறது என்ற கணக்கு. எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். டிரெயில் ஷூக்களில் இது ஒரே மாதிரி இருக்காது. சலோமன் ஸ்பீட்கிராஸ் 10 மி.மீ., ஆல்ட்ரா லோன் பீக் 0. டிராப் குறையக் குறைய கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் வேலை கூடும். டிராப் கூடினால் முழங்காலுக்குப் பளு அதிகம். நான் 10இல் இருந்து ஒரே வாரத்தில் 0வுக்குத் தாவினேன். முதல் ஓட்டமே 14 கி.மீ. அன்று காலில் ஒரு வலியும் இல்லை. இரண்டு நாள் கழித்து, காலையில் மாடிப்படி இறங்கும்போது குதிகாலுக்கு மேலே கயிறு இறுகியது போல ஒரு பிடிப்பு. ஆறு வாரம் ஓடவில்லை. ஷூ நல்ல ஷூதான், நான்தான் கால் பழக நேரம் கொடுக்கவில்லை. உங்களுக்கு 6 முதல் 8 வரை இருந்தால் சிரமம் இல்லாமல் மாறலாம். அதைவிடக் குறைவாக வாங்கினால் முதல் மாதம் வாரம் ஒரு முறை, 4 அல்லது 5 கி.மீ. மட்டும் அதில் ஓடுங்கள்.

மெதுஓட்டம்:

நகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கறுத்த நகம் என்றால் பெரும்பாலும் இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி ஷூவின் முனையில் இடிக்கிறது என்று அர்த்தம். அளவு அரை எண் கூடுதலாகத் தேவைப்படலாம். சாயங்காலம், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். நீண்ட நேரம் ஓடினால் பாதம் கொஞ்சம் வீங்கும்.

அதோடு, கணுக்கால் பக்கத்தில் லேஸ் போடாமல் ஒரு கடைசி ஓட்டை சும்மா இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? லேஸை அதே பக்கத்திலேயே அந்த ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் உண்டாக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. அப்புறம் ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் ஷூவின் பின்புறத்தில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இறக்கத்தில் விரல் இடிப்பது இதிலேயே நின்றது. ஷூ மாற்றவேண்டி வரவில்லை.

நீள்பாதை:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. ரோடு-டிரெயில் இரண்டுக்கும் பொதுவான ஷூ ஒன்றை வாங்கி எல்லா நாளும் அதிலேயே ஓடலாமே. வாரம் 45 கி.மீ.க்கு இரண்டு ஜோடி வேண்டுமா? ஷூவுக்கு ஓய்வு கொடுத்தால் நுரை மீண்டுவிடும் என்று சொல்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

கரட்டுவழி:

நுரைக்கு ஓய்வு என்பதற்காக நானும் இரண்டு ஜோடி சொல்லவில்லை. ஓய்வு காலுக்குத்தான். ஒரே ஷூவில் ஒரே மாதிரித் தரையில் ஓடினால் ஒவ்வொரு அடியும் அதே தசை, அதே நாண், அதே எலும்பின்மேல்தான் விழுகிறது. ஷூ மாறினால் பளு கொஞ்சம் இடம் மாறும்.

லக்சம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு, 2015இல் வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்கு ஓட்டக் காயம் ஏற்படும் ஆபத்து 39 சதவீதம் குறைவாக இருந்தது. சரி, அது கவனித்துப் பார்த்த ஆய்வு மட்டுமே. ஷூவை மாற்றியதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் என் கால் சொல்வதும் அதுவே. அதனால்தான் ஒரே மாடலில் இரண்டு ஜோடி வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஈரம் காய நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பொதுவான ஷூ பற்றி நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இவருடைய ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த வகைதான் பொருத்தம். மற்ற மூன்று நாளும் அதையே போட்டால் மட்டும், பாறைக்குத் தேவையான ரப்பர் தாரிலேயே கரைந்துபோகும்.

ஞாயிறுஓட்டம்:

எல்லோருக்கும் நன்றி. ஷூவை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். இடது ஷூ நேராக நிற்கிறது. வலது, உள்பக்கமாகத் தெளிவாகச் சாய்ந்திருக்கிறது. இரண்டு வருடமாக இதைக் கவனிக்கவே இல்லை. லேஸ் வளையத்தையும் போட்டுப் பார்த்தேன், குதிகால் துளியும் அசையவில்லை.

இரண்டையும் ஒன்றாக வாங்க இப்போது வழியில்லை. எதை முதலில் வாங்குவது?

கரட்டுவழி:

ரோடு ஷூ. நான்கில் மூன்று நாள் அதில்தான் ஓடுகிறீர்கள், சாய்ந்த ஷூவில் இன்னும் ஓடக் கூடாது. டிரெயில் ஷூ வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரப் பாறை இல்லாத மண்பாதையாகப் பார்த்து, இறக்கங்களில் நடந்து இறங்குங்கள்.

இப்படித் தள்ளித் தள்ளி வாங்குவதில் ஒரு வசதியும் உண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் தேயாது. புது ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் முதல் ஓட்டத் தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். டிரெயிலில் நனைந்துவிட்டால் இன்சோலை (உள்ளே பாதம் படும் மெத்தையை) வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றிவிடுங்கள். ஹீட்டர் பக்கத்திலோ சுடுவெயிலிலோ வைக்காதீர்கள், ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும்.

வாங்கியதும் டிராப் எவ்வளவு என்று இங்கே போடுங்கள். முதல் நான்கு வாரத்துக்கு எந்த நாள் எதைப் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.