80 மீட்டர் டவர்: பகலில் மங்கலாக எரியும் ஏவியேஷன் லைட், மழைக்கு விழும் ஆர்சிசிபி

கேள்வி: உப்புக்காற்று

கடலிலிருந்து 2 கி.மீ. தள்ளி நிற்கும் 80 மீட்டர் லாட்டிஸ் டவர் (இரும்புச் சட்டக் கோபுரம்). விமானங்களை எச்சரிக்கும் ஏவியேஷன் லைட்டுகள் அதில் உண்டு. உச்சியில் மினுக்கும் சிவப்பு விளக்கு ஒன்று (மீடியம் இன்டென்சிட்டி டைப் பி, 2000 கேண்டெலா). 40 மீட்டரில் நின்று எரியும் சிறிய சிவப்பு விளக்கு மூன்று. எல்லாம் எல்இடி, 230 வோல்ட், ஒரே ஆர்மர்டு கேபிள் (இரும்புக் கம்பி உறை போட்டது). கீழே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசிவு வந்தால் சப்ளையை வெட்டும் ஸ்விட்ச்), அதற்கடுத்து ஃபோட்டோசெல் (இருட்டினால் விளக்கைப் போட்டு, விடிந்தால் அணைக்கும் ஸ்விட்ச்).

தொல்லை மூன்று. பட்டப்பகலிலேயே நடு விளக்குகள் மங்கலாக எரிகின்றன. மழை பிடித்து அரை மணியில் ஆர்சிசிபி விழுந்துவிடும், நல்ல வெயில் அடித்தால்தான் மறுபடி ஆனில் நிற்கும். இடி மின்னலுக்குப் பின் உச்சி விளக்கின் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்) போய்விடுகிறது, வருடத்தில் இரண்டு மாற்றியாயிற்று. பராமரிப்புக்கு வருபவர்கள் விளக்கையே புதிதாக மாட்டச் சொல்கிறார்கள். ஆள் ஏற்றுவதற்கு முன் கீழிருந்தே எவ்வளவு கண்டுபிடிக்க முடியும்?

பதில் 1: கட்டுக்கம்பி

பகல் வெளிச்சத்துக்கு மேலே ஏற வேண்டியதில்லை, ஃபோட்டோசெல்லைப் பாருங்கள். அது ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பகலில், ஃபோட்டோசெல் ஆஃபில் இருக்கும்போது, மேலே போகும் கேபிளின் ஃபேஸ் கோருக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வையுங்கள். முழு 230 காட்டினால் வயர் மாறியிருக்கிறது. நியூட்ரல் வெட்டப்பட்டிருந்தாலும், நீளமான கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் வழியே மிகச் சிறிய கரண்ட் ஓடும். எல்இடி மங்கலாக எரிய அது போதும். குண்டு பல்பு காலத்தில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

60, 70 வோல்ட் மாதிரி அரைகுறையாகக் காட்டினால் அது ஃபோட்டோசெல்லுக்குள் இருக்கும் டிரையாக்கின் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) கசிவு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: விளக்குக்கு இரண்டு போல் கான்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் வந்தால் சேரும் ஸ்விட்ச்) போட்டு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள், ஃபோட்டோசெல் அதன் காயிலை மட்டும் ஓட்டட்டும்.

பதில் 2: மெகர்மணி

மழையில் ஆர்சிசிபி விழுவதற்கு மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 500 வோல்ட் போட்டால், நன்றாக இருக்கும் டிரைவரையும் நீங்களே கொன்றுவிடுவீர்கள். செய்ய வேண்டியது இது: சப்ளையை நிறுத்தி, பேனலில் இரண்டு கோரையும் கழற்றி, சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மிகை வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் கருவி) இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். இரண்டு கோரையும் ஒன்றாக முறுக்கி, அந்த ஜோடிக்கும் எர்த்துக்கும் இடையே 250 வோல்ட் ரேஞ்சில் பாருங்கள். 500க்குப் போனால் டிரைவருக்குள் எர்த்தோடு இணைந்திருக்கும் வேரிஸ்டர் (வோல்ட் கூடினால் கடத்தும் பாகம்) கடத்த ஆரம்பித்து, கேபிள் கெட்டுவிட்டது போலப் பொய் சொல்லும்.

காய்ந்த நாளில் ஒரு அளவு, மழை விட்டதும் ஒரு அளவு. காய்ந்தபோது 50 மெகா ஓம், நனைந்தபின் 0.2 என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. எங்கே என்பதற்கு மட்டும்தான் ஏற வேண்டும், அதுவும் காய்ந்த நாளில். 40 மீட்டர் ஜங்ஷன் பாக்ஸில் மேல் பாதியைப் பிரித்து, இரண்டு பாதியையும் தனித்தனியாகக் கீழிருந்து ஒருவர் அளக்கட்டும். மேலே இருப்பவர் ஒரு பாட்டில் தண்ணீரை ஒவ்வொரு கிளாண்டாக (கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் இடத்துப் பிடிப்பு) ஊற்றிக்கொண்டே வந்தால், எதில் ஊற்றும்போது மெகர் முள் சரிகிறதோ அதுதான் இடம்.

பெரும்பாலும் நடு பாக்ஸாகத்தான் இருக்கும். கேபிள் பாக்ஸின் மேல்பக்கமாக நுழைந்திருந்தால் அதை அடிப்பக்கத்துக்கு மாற்றி, நுழையுமுன் ஒரு வளையம் தொங்கவிடுங்கள். சொட்டு வளையத்தோடு நிற்கும். உச்சியில் ஆர்மர் வெட்டிய இடம் திறந்திருந்தால், தண்ணீர் உறைக்குள்ளேயே இறங்கி 40 மீட்டர் கீழே பாக்ஸில் கொட்டும். இதைப் பிடிக்காமல் பாக்ஸை எத்தனை முறை மாற்றினாலும் வீண்தான். கிளாண்டின் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப், அதன் மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப். காடி வாடை வரும் சிலிக்கான் வேண்டாம், செம்பை அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று போட்டதை வாங்குங்கள். பாக்ஸின் அடியில் 5 மி.மீ. வடிகால் துளை ஒன்று இருக்கட்டும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் பகல் சூட்டில் காற்றை விட்டு, இரவுக் குளிரில் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும்.

இன்னொன்று. உச்சி விளக்கும் நடு விளக்கும் ஒரே ஆர்சிசிபியில் இருப்பதே தப்பு. நடு பாக்ஸ் நனைந்தால் உச்சியும் இருட்டாகிறதே! தனித்தனி கேபிள், தனித்தனி ஆர்சிசிபி போடுங்கள்.

பதில் 3: இடிதாங்கி

டிரைவர் போவதற்கு மின்னல் நேராக விளக்கில் விழ வேண்டியதில்லை. டவரில் விழுந்தால் கணநேரம் டவர் முழுதும் பல ஆயிரம் வோல்ட்டுக்கு உயரும். விளக்கின் உடல் டவரோடு சேர்ந்து உயரும், கேபிள் கோர் மட்டும் கீழே பேனலின் மட்டத்திலேயே நிற்கும். அந்த வித்தியாசம் பாய்ந்து தாண்டும் இடம் டிரைவர். அதனால் கீழே மட்டும் சர்ஜ் அரெஸ்டர் வைத்துப் பயனில்லை. டைப் 2 அரெஸ்டர் ஒன்று கீழே, ஒன்று உச்சி பாக்ஸுக்குள். அதன் வயர்கள் எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுருட்டி வைக்கவும் கூடாது. கேபிள் ஆர்மரை இரண்டு முனையிலும் டவரோடு இணையுங்கள். விளக்கு இடிதாங்கிக் கம்பியின் நுனிக்குக் கீழே, அதன் 45 டிகிரி நிழலுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டெலிகாம் டவராக இருந்தால் 48 வோல்ட் டிசி விளக்குக்கே மாறிவிடலாம் என்பேன். கரண்ட் போனாலும் பேட்டரியில் எரியும். 1.5 ச.மி.மீ. செம்புக்கு கி.மீ.க்கு 12.1 ஓம், போக வர 160 மீட்டருக்கு 1.94 ஓம். 30 வாட் விளக்குக்கு 0.63 ஆம்பியர், இழப்பு 1.2 வோல்ட்தான். இதையே 12 வோல்ட் விளக்கில் செய்தால் 2.5 ஆம்பியர், 4.8 வோல்ட் வழியிலேயே போய்விடும், விளக்கு எரியாது. ஒரு எச்சரிக்கை: அங்கே எர்த் ஆகியிருப்பது பாசிட்டிவ். பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் 4: கட்டுக்கம்பி

ஏறும்போது எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு இறங்குங்கள். லென்ஸ் பாலிகார்பனேட் என்றால் வெயிலில் மஞ்சளித்திருக்கும். துடைத்துத் தெளியாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். கடலோரத்தில் உப்புப் படிவை நல்ல தண்ணீரால் முதலில் கழுவிவிட்டுத்தான் துணி போட வேண்டும், இல்லாவிட்டால் கீறல் விழும். போல்ட் எஸ்எஸ் 316. கேபிளை ஒரு மீட்டருக்கு ஒரு கட்டு. வெள்ளை நைலான் டை வெயிலில் நொறுங்கும். இடையில் பிடிப்பு விட்டால் கேபிளின் எடை முழுதும் மேல் கிளாண்டில் தொங்கி, மெல்ல உருவிக்கொண்டு வரும். ஆண்டெனாவுக்கு நேர் முன்னால் நின்று வேலை என்றால், அந்தத் திசை ஆண்டெனாவின் பவரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஏறட்டும்.

உச்சி விளக்கு அணைந்தால் ரிப்பேர் ஆகும்வரை காத்திருக்காமல் விமான நிலைய ஆணையத்துக்குத் தகவல் கொடுங்கள். விமானிகளுக்கு நோட்டாம் (NOTAM, எச்சரிக்கை அறிவிப்பு) போட வேண்டும்.

உப்புக்காற்று:

நன்றி. ஃபோட்டோசெல் ஷெல்டர் (டவர் அடியிலுள்ள கருவி அறை) சுவரில், யார்டு லைட்டுக்குக் கீழே இருக்கிறது. பரவாயில்லையா?

மெகர்மணி:

கூடாது. யார்டு லைட் எரிந்ததும் பகல் என்று நினைத்து விளக்கை அணைக்கும், இல்லாவிட்டால் இரவெல்லாம் எரிந்து அணைந்து கொண்டிருக்கும். வடக்கு வானத்தைப் பார்க்க, வேறு வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஃபோட்டோசெல் கெட்டால் விளக்கு எரிந்தபடி நிற்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை கறுப்புத் துணியால் மூடி ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தால் போதும்.