அம்மாவின் கீழ்ப் பல்செட் ஆடுகிறது, செல்ஃப் க்யூர் பவுடரால் நாமே ரீலைன் செய்யலாமா?

செவ்வந்தி:
அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் மிச்சமிருந்த பற்களை எல்லாம் எடுத்துவிட்டு மேலும் கீழும் முழு செட் போட்டோம். மேல் செட் கச்சிதமாக நிற்கிறது. கீழ் செட்தான் பேசும்போதே எழும்பி வருகிறது. முறுக்கை விடுங்கள், இட்லியைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் மெல்லுகிறார். ஒட்டுகிற பேஸ்ட் மத்தியானம் வரை தாங்குவதில்லை. பல் சாமான் கடையில் பிங்க் பவுடரும் லிக்விடும் வாங்கி வந்திருக்கிறான் தம்பி. கலந்து செட்டுக்குள் தடவி வாயில் வைத்தால் இறுகிவிடுமாம். செய்யலாமா?

லேப் மேசை:
வேண்டாம்மா. பாட்டிலைத் திறக்காதீர்கள். பல் லேபில் தினமும் இதோடுதான் எனக்குப் பிழைப்பு.

முதலில், ஏன் ஆடுகிறது? பல் எடுத்த முதல் வருடத்தில்தான் எலும்பு வேகமாகக் கரையும். அதிலும் மேல் தாடையைவிடக் கீழ்த் தாடை அதிகம் தேயும். செட் அப்படியே இருக்கிறது, அது உட்கார்ந்திருந்த மேடு இறங்கிவிட்டது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் ரீலைன். ஆனால் பற்கள் ஒன்றோடொன்று சரியாகக் கடிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடி தப்பியிருந்தால் எத்தனை முறை உள்ளே பூசினாலும் ஆட்டம் நிற்காது.

அந்த லிக்விட் மெத்தில் மெதாக்ரிலேட். பவுடரோடு சேர்ந்ததும் அடுப்பில்லாமலே இறுகும், இறுகும்போது சூடு கிளம்பும். அந்தச் சூடும், சேராமல் மிஞ்சும் லிக்விடும் வயதானவர்களின் மெல்லிய ஈறைப் புண்ணாக்கிவிடும். டாக்டர்கள் வாயில் நேராகச் செய்யும்போது பெரும்பாலும் எரிச்சல் குறைந்த வேறு ரகத்தைத்தான் எடுப்பார்கள்.

அதைவிடப் பெரிய பயம் நேரம். கலந்ததும் மணல் போலிருக்கும், அப்புறம் நூல் இழுக்கும், பிறகு கையுறையில் ஒட்டாத மாவாகும். அந்தப் பதத்தில் செட்டில் வைத்து, வாயில் பொருத்தி, பற்களைக் கடிக்கச் சொல்வார்கள். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, கிண்ணத்தில் மிஞ்சியதை டாக்டர் விரலில் உருட்டிக்கொண்டே இருப்பார். அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், வாய்ச் சூட்டில் உள்ளே இருப்பது முந்திக்கொள்ளும். ரப்பர் பதத்திலேயே வெளியே எடுத்துவிட வேண்டும். ஈறின் பள்ளத்துக்குள் புகுந்து கல்லானால் செட் வாயிலேயே மாட்டிக்கொள்ளும், பிறகு பர் என்கிற சுழலும் வெட்டு முனையைப் போட்டு வெட்டித்தான் எடுக்க வேண்டும். நம்ம ஊர் மே மாத வெயிலில் இந்த அவகாசம் இன்னும் சுருங்கும்.

ஊர்க்குருவி:
எனக்கு டாக்டரே கிளினிக்கில் வைத்து இப்படித்தான் செய்துவிட்டார். பிடிப்பு உடனே வந்தது, பொய் சொல்லக் கூடாது. நாற்றம்தான் தாங்கவில்லை. கொஞ்ச நாள் போனதும் பூசிய இடம் மட்டும் மஞ்சளடித்துவிட்டது.

லேப் மேசை:
ஆமாங்க. செல்ஃப் க்யூரில் தானாக இறுக வைக்கச் சேர்க்கும் அமீன்தான் நாளடைவில் நிறத்தைக் கெடுக்கிறது. நுண்ணிய ஓட்டைகளும் விழும், அழுக்கு அதில் போய் ஒட்டும். எடுத்தவுடன் வெந்நீரோடு பிரஷர் பாட் என்கிற அழுத்தப் பாத்திரத்துக்குள் வைத்தால் ஓட்டை குறையும், எல்லாக் கிளினிக்கிலும் அந்த வசதி இருக்காது.

செவ்வந்தி அம்மா, உங்களுக்கு லேப் வழிதான் நல்லது. அம்மாவின் செட்டுக்குள்ளேயே டாக்டர் அளவு எடுத்துத் தருவார், நாங்கள் சூடேற்றி இறுக வைக்கும் ஹீட் க்யூரில் போட்டுத் தருவோம். மிஞ்சும் லிக்விட் இதில் மிகக் குறைவு. செட் லேபில் இருக்கும்வரை அம்மா பல் இல்லாமல்தான் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் சங்கடம்.

செவ்வந்தி:
சரி அண்ணா, கஞ்சியும் ரசம் சாதமுமாகச் சமாளித்துக்கொள்வோம். அளவு எடுக்கப் போகுமுன் ஏதாவது செய்ய வேண்டுமா?

லேப் மேசை:
முந்தின நாள் முழுக்கச் செட் போடாமல் இருக்கச் சொல்லுங்கள், தண்ணீரில் போட்டு வையுங்கள். ஆடுகிற செட் அழுத்தி ஈறு வீங்கியிருக்கும். வீக்கம் வடியாமல் அளவெடுத்தால் வீக்கத்துக்குத்தான் செட் பொருந்தும். அந்த லிக்விட் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு, சமையலறைப் பக்கம் வேண்டாம்.