உதவி தேவை: மண்டபத்தில் எடுத்த படங்களில் கறுப்புப் பட்டைகள். சென்சார் போய்விட்டதா?

சிப்புட்காரன்
அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மிரர்லெஸ் கேமரா ஒன்றைப் பழையதாக வாங்கினேன். படத்தைப் பதியும் சென்சார் ஏபிஎஸ்-சி அளவு (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது), கூடவே 16-50 மி.மீ. லென்ஸ் (எஃப்/3.5-5.6). பகலில் ரப்பர்க் காட்டிலும் லயத்து வாசலிலும் எடுத்த படங்கள் அருமையாக வந்தன. போன வாரம் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் அத்தை மகளுக்குப் பரிசம். அங்கே எடுத்ததில் பாதிப் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். மேலிருந்து கீழே எண்ணினால் ஐந்து. பட்டை இல்லாத படங்களில் ஆட்கள் எல்லாரும் மங்கல். கடையில் காட்டினேன். சென்சார் போய்விட்டது, இதைக் கொடுத்துவிட்டு மேலே மூவாயிரம் ரிங்கிட் போட்டுப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா எடுத்துக்கொள் என்கிறார்கள். அடுத்த மாதம் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தீமிதி. பணத்தைப் போடலாமா?

ஈப்போ ஒளி
பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. சென்சார் கெட்டிருந்தால் ரப்பர்க் காட்டிலும் பட்டை விழுந்திருக்கும். வெயிலுக்கு ஒரு நியாயம், மண்டபத்துக்கு ஒரு நியாயம் என்று அது பார்க்காது. இரண்டு விஷயம் சொல்லுங்கள். பட்டை விழுந்த படங்களின் ஷட்டர் வேகம் என்ன? எடுக்கும்போது சத்தம் கேட்கிறதா?

சிப்புட்காரன்
பட்டை உள்ளவை 1/400, 1/500 நொடி. மங்கலானவை 1/30க்குப் பக்கம். சத்தம் வாங்கிய நாளிலிருந்தே இல்லை அண்ணா. முன்பு வைத்திருந்தவர் சைலண்ட் முறையில் போட்டுவைத்திருக்கிறார். ஐயர் மந்திரம் சொல்லும்போது தொந்தரவு இருக்காதே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஈப்போ ஒளி
நாதசுரமும் தவிலும் முழங்குகிற இடத்தில் உங்கள் கேமராவின் சத்தம் யார் காதில் விழப்போகிறது! சிக்கல் அந்த சைலண்டில்தான் இருக்கிறது. அதில் எலக்ட்ரானிக் ஷட்டர் வேலை செய்கிறது. சென்சார் படத்தை ஒரே கணத்தில் முழுதாக எடுக்காது. மேல் வரிசையில் தொடங்கிக் கீழ் வரிசைவரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகும். அதற்குள் மண்டபத்து விளக்கு பலமுறை மங்கி எரிந்துவிடுகிறது. மங்கிய நேரத்தில் படித்த வரிசைகள்தான் உங்கள் கறுப்புப் பட்டைகள்.

சத்தத்தோடு திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தை 1/100இல் நிறுத்துங்கள். 1/30இல் மங்கியது ஆட்கள் அசைந்ததால்; அதுவும் குறையும்.

சார்ஜ்மேன்
அந்த 1/100 ஏன் என்று நான் சொல்கிறேன். செம்பனை ஆலையில் மின்சாரம் பார்ப்பது என் வேலை. நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால், சோக் வைத்த பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் ஒரு முழு மினுக்கும் உள்ளே வந்துவிடும். 1/50 என்றால் இரண்டு. 1/500 என்றால் ஒரு மினுக்கில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அது உச்சமா பள்ளமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். தம்பி ஐந்து பட்டை எண்ணியிருக்கிறார். அப்படியானால் அவருடைய சென்சார் மேலிருந்து கீழே படித்து முடிக்கச் சுமார் 1/20 நொடி எடுக்கிறது. கேமரா ஒழுங்காகத்தான் இருக்கிறது.

விளக்கைச் சோதிக்கக் கைப்பேசி போதும். ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். மினுக்குவது கண்ணுக்கே தெரியும். ஓர் எச்சரிக்கை: மேடையின் வண்ண எல்இடிகள் மின்சாரத்தின் கணக்குக்குக் கட்டுப்படாமல் தம் சொந்த வேகத்தில் மினுக்கலாம். கோவிலில் ஜெனரேட்டர் ஓடினால் 50 ஹெர்ட்ஸும் கொஞ்சம் ஏறி இறங்கும். அன்றைக்கு முன்கூட்டியே போய் நாலைந்து படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கங்சார் வாசி
இவ்வளவு எதற்கு? நல்ல ஃப்ளாஷ் ஒன்று வாங்கினால் மங்கலும் தீரும், பட்டையும் தீரும்.

ஈப்போ ஒளி
பரிசத்துக்குச் சரி. மண்டபத்தின் கூரை வெள்ளையாக, தாழ்வாக இருந்தால் அதில் பட்டுத் திரும்பும்படி அடிக்கலாம். முகம் நன்றாக வரும். ஆனால் தீமிதிக்கு வேண்டவே வேண்டாம். பூக்குழியின் சிவப்பை ஃப்ளாஷ் வெளுத்துவிடும். வேண்டுதலோடு வருகிறவரின் கண்ணில் அடிப்பது பெரிய தப்பு.

பணம் போடுவதென்றால் லென்ஸில் போடுங்கள். உங்கள் லென்ஸை 50க்கு நீட்டினால் எஃப்/5.6. இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் தரும்; மண்டபத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 6400 தேவைப்பட்ட இடத்தில் 640, 800 போதும். கடைக்காரர் சொல்கிற ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) லாபம். லென்ஸில் மூன்று ஸ்டாப்பைத் தாண்டும், விலையும் குறைவு.

தீமிதியில் குழியின் தணலே முக்கிய வெளிச்சம் என்றால் 1/250க்குப் போகலாம். நெருப்பு 100 முறை மினுக்குவதில்லை. வேகமாக நடக்கிறவர்களின் கால் 1/100இல் இழுபட்டு வரும். வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் தணலின் நிறத்தைக் கேமரா 'திருத்தி'விடும். ரா கோப்பாக (கேமரா சுருக்கித் திருத்தாத கோப்பாக) எடுங்கள். கொஞ்சம் இருட்டாக எடுத்தாலும் பரவாயில்லை. தணல் ஒருமுறை வெளுத்துவிட்டால் பிறகு மீட்க முடியாது.

சிப்புட்காரன்
நேற்று அதே மண்டபத்தில் போய்ச் சோதித்தேன். மெக்கானிக்கல், 1/100: பட்டையே இல்லை. எலக்ட்ரானிக், 1/500: அதே ஐந்து. எல்லாருக்கும் நன்றி. பழைய எஃப்/1.8 லென்ஸ் பார்க்கிறேன். வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? 35 மி.மீ.யா, 50 மி.மீ.யா?

தைப்பிங் அக்கா
முதலில் பூஞ்சணம். எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல லென்ஸ்களை இங்கே பூஞ்சணம் தின்று பார்த்திருக்கிறேன். கைப்பேசி விளக்கை லென்ஸின் பின்பக்கம் பிடித்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி இழைபோலக் கிளை விட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இரண்டொரு தூசுக்குப் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது. வாங்கிய பிறகு தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள், ஈரம் அங்கேதான் தங்கும். டிரை பாக்ஸ் வாங்கி ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வையுங்கள். அதற்கும் குறைத்து உலர்த்துவது நல்லதில்லை.

ஈப்போ ஒளி
உங்கள் சென்சாரில் 50 மி.மீ. என்பது, கேனான் என்றால் ஃபுல் ஃபிரேமில் 80 மி.மீ. லென்ஸ் போலவும், சோனி, நிக்கான், ஃபுஜி என்றால் 75 போலவும் தெரியும். முகத்துக்கு அழகு. பூக்குழிக்குக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவார்கள், அங்கேயும் உதவும். மண்டபத்தில் 35தான், 50ஐ வைத்துக்கொண்டு குடும்பப் படத்துக்குப் பின்னால் நகர்ந்தால் பந்தி மேசையில் போய் இடிப்பீர்கள். வாங்குமுன் உங்கள் 16-50ஐ ஒரு நாள் 35இலும் மறுநாள் 50இலும் நிறுத்தி, ஜூமைத் தொடாமல் இரவுச் சந்தையில் சுற்றிப் பாருங்கள். எந்த நாளில் கை ஜூமுக்குக் குறைவாகப் போகிறதோ அந்த லென்ஸை வாங்குங்கள்.